வாசா கப்பல் அருங்காட்சியகம்: வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்க முழுமையான வழிமுறை

ஸ்டாக்ஹோமுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் யூர்கோர்டன் தீவில் உள்ள வாசா அருங்காட்சியகத்துக்குப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல்முறை வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நுழைந்தவுடன் வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் பின்னால் போய் நின்று, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுவிட்டு, கப்பலின் பின்பக்கத்தில் நான்கு படங்களை எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். வழிகாட்டியின் சுற்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளாமல் நடுவில் வைத்துக்கொண்டால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும். இந்த வழிமுறையை அந்த வரிசைப்படியே எழுதியிருக்கிறேன்.

1. கிளம்புவதற்கு முன் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியவை

வழிகாட்டிகள் தெளிவாகப் பேசுவார்கள், ஆனால் விரைவாகப் பேசுவார்கள். சுவீடனின் அரசர்களையும் போர்களையும் பற்றி ஓரளவு தெரிந்தவர்களிடம் பேசுவதுபோலத்தான் தொடங்குவார்கள். ஆகவே கீழ்க்கண்ட செய்திகளை முந்தைய நாளே குடும்பத்தாருக்குச் சொல்லிவிடுங்கள்.

வாசா ஒரு போர்க்கப்பல். அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப், போலந்துடன் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அதைக் கட்டச் செய்தார். 64 பீரங்கிகளுடன் 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல்முறையாகப் புறப்பட்ட அந்தக் கப்பல், ஏறத்தாழ 1,300 மீட்டர் தொலைவு சென்றதும், துறைமுகத்துக்குள்ளேயே, ஊரே பார்த்துக்கொண்டிருக்கக் கவிழ்ந்து மூழ்கியது. சுமார் 30 பேர் இறந்தார்கள். 333 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்த பிறகு 1961 ஏப்ரல் 24 அன்று அது மேலே கொண்டுவரப்பட்டது. நீங்கள் பார்க்கப்போவது பிற்காலத்தில் செய்த மாதிரி அன்று. அதில் 98 விழுக்காட்டுக்கும் மேல் அதே பழைய மரம்.

இந்தக் கடைசிச் செய்தியை அழுத்திச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் அழைத்துச் சென்ற ஒரு குடும்பம், கப்பலை நகல் என்று நினைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் சுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2. நாளும் நேரமும்

அருங்காட்சியகத்தின் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். கோடையில் காலை சீக்கிரமே திறந்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் திறப்பு தாமதமாக இருந்தாலும் புதன்கிழமைகளில் இரவு வரை திறந்திருக்கும். ஆங்கிலத்தில் நடக்கும் சுற்றுகளின் நேரங்கள் அன்றன்றைக்கு இணையதளத்தில் இருக்கும். அவற்றைப் பார்த்த பின்னரே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

கோடையில் என்றால் திறந்த முதல் அரை மணி நேரத்துக்குள் உள்ளே இருப்பது நல்லது. முற்பகல் ஆனதும் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும்; அதன்பின் வழிகாட்டியின் குரலைவிடக் கூட்டத்தின் இரைச்சலே பெரிதாகக் கேட்கும். குளிர்காலத்துப் புதன்கிழமை மாலை என் விருப்பமான நேரம், ஏனெனில் அப்போது கப்பலின் ஒரு பக்கம் முழுவதும் ஆளே இல்லாமல் இருப்பதுண்டு.

மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முதியவர்கள் உடன் வந்தால் நடுவில் உட்கார்வதற்கு இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

மெல்லிய கம்பளி மேலாடை ஒன்று கட்டாயம் வேண்டும். மரத்தைக் காப்பதற்காகக் கூடத்தின் வெப்பநிலையை 18 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்கிறார்கள். ஜூலை மாத வெயிலில் பருத்திச் சட்டையுடன் வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். குளிர் உறைக்கத் தொடங்கியதும் கவனம் வாசலை நோக்கிப் போய்விடும்.

கைபேசியில் பொருத்திக் கேட்கும் காதொலிப்பான் (இயர்போன்) ஒன்றைக் கொண்டுவாருங்கள். அருங்காட்சியகத்தின் ஒலி வழிகாட்டியை உங்கள் கைபேசியிலேயே இலவச வைஃபை மூலம் கேட்கலாம். பல மொழிகளில் இருப்பதால், ஆங்கிலப் பேச்சைப் பின்தொடரச் சிரமப்படுபவர்கள் வேறு மொழி தெரிந்தால் அதில் கேட்கலாம்.

பணம் செலுத்தும் அட்டை வேண்டும். சுவீடனில் ரொக்கம் வாங்காத இடங்களே அதிகம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கான கட்டணத்திலேயே வழிகாட்டியின் சுற்றும் அடங்கிவிடுகிறது என்பதால் அதற்காகத் தனியே சீட்டு வாங்க வேண்டாம். பெரிய பைகளையும் கனமான குளிர்கால மேலங்கியையும் நுழைவுப் பகுதியிலேயே வைத்துவிடுங்கள். படிகளில் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். முடியாதவர்களுக்கு மின்தூக்கி உண்டு.

4. போய்ச் சேர்வது

நகர மையத்திலிருந்து 7-ஆம் எண் டிராம் ஏறி, நோர்டிஸ்கா அருங்காட்சியகத்துக்கான நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கே முதலில் கண்ணில் படுவது கோட்டைபோல் எழுந்து நிற்கும் நோர்டிஸ்கா அருங்காட்சியகம். அதையே வாசா என்று எண்ணி வரிசையில் நிற்பவர்கள் உண்டு. அதன் பின்புறம், நீரோரமாக, கூரைமேல் பாய்மரங்கள்போல் தூண்கள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடம்தான் நீங்கள் போக வேண்டியது. நகரின் நடுவில் உள்ள ஸ்லுசென் படகுத்துறையிலிருந்து படகிலும் வரலாம். நகரப் பேருந்துச் சீட்டே அந்தப் படகுக்கும் செல்லும்.

5. முதல் கால் மணி நேரம்: படிக்காதீர்கள், பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அடுத்த ஆங்கிலச் சுற்று எத்தனை மணிக்கு, எங்கே கூட வேண்டும் என்பதைத் தகவல் பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 45 நிமிடம் கழித்து வரும் சுற்றையே தேர்ந்தெடுங்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்று தொடங்குகிறது என்றால் அதை விட்டுவிடுங்கள். இது புதியவர்களுக்கு மனம் ஒப்பாத அறிவுரை, ஆனால் நான் சொல்வதில் இதுவே முதன்மையானது.

காரணம் எளிது. கூடம் இருட்டாக இருக்கும். வெளிச்சம் மரத்தையும் நிறப்பூச்சின் எச்சங்களையும் கெடுக்கும் என்பதால் விளக்குகளைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். வெயிலிலிருந்து வந்த கண்கள் பழகுவதற்கு நேரம் பிடிக்கும். அதோடு, எதிரே நிற்பது 69 மீட்டர் நீளமுள்ள கப்பல். அதன் அளவு மனத்துக்குள் இறங்கும் வரை யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

ஆகவே பலகைகள் எதையும் படிக்காமல், கப்பலின் முன்பகுதியான அணியத்திலிருந்து தொடங்கி, பின்பகுதியான அமரம் வரை ஒரு முறை சுற்றி வாருங்கள். சுற்றும்போது ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

கப்பலுக்குள் ஏறும் படிக்கட்டு எங்கே என்று இந்த நேரத்தில் பலரும் தேடுவார்கள். பார்வையாளர்கள் கப்பலுக்குள் போக முடியாது. மனிதர்களின் எடையையும் மூச்சின் ஈரத்தையும் அந்த மரம் தாங்காது. இதை முன்பே சொல்லிவிட்டால் பிள்ளைகளின் ஏமாற்றம் குறையும்.

6. படம் பார்ப்பது

அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஓர் அரங்கில் 20 நிமிடத்துக்கும் குறைவான படம் ஒன்று திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. சுற்றுக்கு முன்னால் இதைப் பாருங்கள். கப்பலைத் தேடிக் கண்டுபிடித்ததும் மேலே தூக்கியதும் அசையும் காட்சிகளாகப் பார்த்தால்தான் பிடிபடும். வழிகாட்டியால் அவற்றை வாயால் சொல்லத்தான் முடியும்.

ஆண்டர்ஸ் ஃபிரான்சென் என்ற பொறியாளர் 1956-இல் கயிற்றில் கட்டிய துளைக்கருவியைக் கடலடியில் இறக்கி, கறுத்துப்போன கருவாலி (ஓக்) மரத்துண்டை மேலே எடுத்த கதை படத்தில் புரிந்துவிடும். முக்குளிப்பவர்கள் இருட்டுச் சேற்றில் கப்பலுக்கு அடியில் ஆறு சுரங்க வழிகளைக் குடைந்து, அவற்றின் வழியே இரும்பு வடங்களைச் செலுத்தியதும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கப்பலின் அடியை நிமிர்ந்து பார்ப்பவர்களின் முகம் மாறிவிடும்.

7. வழிகாட்டியின் சுற்று

குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகக் கூடுமிடத்துக்குப் போய்விடுங்கள். வழிகாட்டிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். வழிகாட்டிகள் கப்பலைச் சுட்டிக்காட்டத் திரும்பும்போது குரலும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவதால், பின்வரிசையில் நிற்பவர்களுக்குப் பாதி வாக்கியம் காணாமல் போய்விடும்.

கப்பல் ஏன் கவிழ்ந்தது என்பதுதான் சுற்றின் நடுப்புள்ளி. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள உடற்பகுதி மிகக் கனமாகக் கட்டப்பட்டிருந்தது; அதைத் தாங்கி நிறுத்துவதற்கு நீருக்கடியில் இருந்த பகுதி போதவில்லை. கப்பலின் நிலைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கும் முறை அந்தக் காலத்தில் இல்லை. புறப்படுவதற்கு முன்பே, 30 பேரை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாம் முறை ஓடியதும் கப்பல் மிகவும் ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்களே தவிர, பயணத்தை நிறுத்தவில்லை. ஒரு வேகக் காற்று அடித்ததும் கப்பல் சாய்ந்தது. திறந்திருந்த கீழ்ப் பீரங்கிச் சாளரங்கள் வழியாக நீர் உள்ளே புகுந்தது.

இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் யாராவது, அடியில் இன்னும் கொஞ்சம் கல் ஏற்றியிருக்கலாமே என்று கேட்பார்கள். அடித்தட்டில் சுமார் 120 டன் கல் ஏற்கெனவே இருந்தது. மேலும் ஏற்றினால் கப்பல் இன்னும் தாழ்ந்து, அந்தச் சாளரங்கள் நீர்மட்டத்தை நெருங்கியிருக்கும். இது முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கேள்விக்குச் செலவாகும் நேரத்தில் வேறொன்றைக் கேட்கலாம்.

கேள்வி கேட்பதில் நம்மவர்கள் தயங்குகிறார்கள். ஆங்கிலம் பிசகிவிடுமோ என்ற கூச்சம்தான் காரணம். நாகப்பட்டினத்திலிருந்து வந்த என் பெரியப்பா, சிறு வயதில் படகு கட்டும் பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். படம் முடிந்ததிலிருந்தே, "இத்தனை வருஷம் தண்ணிக்குள்ள கிடந்த மரத்த புழு திங்காம விட்டுச்சா? நம்ம கடல்ல விட்டா ரெண்டே வருஷத்துல சல்லடையாயிடுமே, கேளுப்பா" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் மொழிபெயர்த்துக் கேட்டதும், வழிகாட்டி எங்களை அணியத்துக்குப் பக்கத்தில் அழைத்துச் சென்று ஒரு பலகையின் விளிம்பைக் காட்டினார். துளை ஒன்றுகூட இல்லை. பால்டிக் கடல்நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை; நகரின் கழிவு கலந்த துறைமுகச் சேற்றில் உயிர்வளி குறைந்திருந்ததும் மரத்தைக் காத்தது என்று விளக்கினார். பெரியப்பா குனிந்து அந்த விளிம்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அவருடையதுதான்.

உடன் வரும் முதியவர்களுக்கு ஒருவர் மொழிபெயர்க்க வேண்டுமென்றால், வழிகாட்டி பேசும்போதே முணுமுணுக்க வேண்டாம். இரண்டும் பிறருக்குக் கேட்காமல் போகும். அடுத்த இடத்துக்கு நடக்கும் இடைவெளியில் மூன்று நான்கு வாக்கியங்களில் சுருக்கிச் சொல்லுங்கள்.

8. சுற்று முடிந்தபின் தளம் தளமாக

சுற்று முடிந்ததும் தேநீர் குடிக்கப் போய்விடுவது வழக்கமான பிழை. கேட்டது நினைவில் இருக்கும்போதே கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏறுங்கள். கப்பல் எவ்வளவு குறுகலான அடியின்மேல் எவ்வளவு உயரமாக எழுகிறது என்பது அந்த வரிசையில் ஏறினால்தான் கண்ணுக்குப் புலப்படும். மேலிருந்து இறங்கி வந்தால் சிற்பங்களில் மனம் போய்விடும்.

கீழே அடிமரத்தின் அருகில் நின்று நிமிர்ந்து பாருங்கள். அடுத்து, பீரங்கித் தளத்தின் ஒரு பகுதியை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், அதற்குள் நுழையலாம். கப்பலுக்குள் போக முடியாத குறையைத் தீர்ப்பது இதுதான். உயரமானவர்கள் தலையைக் குனிந்துகொள்ளுங்கள். 24 பவுண்டு குண்டு சுடும் பீரங்கி ஒன்று ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ளது என்று வழிகாட்டி சொன்னதை, அந்த இடுக்கில் நின்று நினைத்துப் பாருங்கள்.

அதன்பின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரிக் கப்பலுக்குப் போங்கள். அதில் பாய்களும் நிறங்களும் முழுமையாக உள்ளன. இன்று கறுப்பாகத் தெரியும் சிற்பங்கள் அன்று பளிச்சென்ற வண்ணங்களில் இருந்தன. மாதிரியில் ஒரு சிற்பத்தைத் தேர்ந்தெடுத்து, உண்மைக் கப்பலில் அது எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால் பிள்ளைகள் அரை மணி நேரம் சலிக்காமல் சுற்றுவார்கள்.

மேல்தளங்களில் கவனிக்க வேண்டியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தவை பீரங்கிச் சாளரங்களின் மூடிகள். மூடியின் உட்பக்கத்தில் சிங்க முகம் செதுக்கப்பட்டிருக்கிறது. மூடி திறந்தால்தான் அது தெரியும். அதாவது பீரங்கி வெளியே நீளும் அதே நொடியில் எதிரி அந்த முகத்தைக் காண்பான். அணியத்தில் உரோமப் பேரரசர்களின் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கேயே, பலகைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் போலந்துப் பிரபுவின் உருவத்தையும் தேடிப் பாருங்கள். யாருக்கு எதிராக இந்தக் கப்பல் கட்டப்பட்டது என்பதை அது சொல்லிவிடும்.

அமரத்தின் பெரிய அரசுச் சின்னத்தைப் படமெடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கேமராவின் மின்னல் விளக்கு (ஃபிளாஷ்) அவ்வளவு தூரம் எட்டாது. அதை அணைத்துவிட்டு, மேல்தளக் கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு எடுங்கள்.

9. எலும்புக்கூடுகள் உள்ள பகுதி

கப்பலோடு மூழ்கியவர்களின் எலும்புகளும், அவற்றைக் கொண்டு வடித்த முகங்களும் தனிப் பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. சிறு பிள்ளைகள் இருந்தால் முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

இங்கே அவசரப்பட வேண்டாம். நெடுங்காலம் ஆண் என்று கருதப்பட்டு 'குஸ்தாவ்' என்று பெயரிடப்பட்டிருந்த ஓர் எலும்புக்கூடு, மரபணுச் சோதனையில் பெண்ணுடையது என்று 2023-இல் தெரியவந்தது. போர்க்கப்பலில் பெண் எப்படி என்று கேட்பீர்கள். பயணத்தின் முதல் கட்டத்தில் மட்டும் மாலுமிகள் தங்கள் குடும்பத்தாரை உடன் ஏற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. சேற்றிலிருந்து எடுத்த காலணிகளையும் மரக் கரண்டிகளையும் பார்த்துவிட்டு அந்த முகங்களைப் பார்ப்பது நல்லது. அப்போது ஒவ்வொரு முகமும் ஒரு வீட்டைச் சேர்ந்ததாகத் தோன்றும்.

10. மரத்தைக் காக்கும் வேலை

கடைசியாக இந்தப் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலோர் களைத்துப்போய்த் தவறவிடுவது இதைத்தான். நீரில் ஊறிய மரத்தை அப்படியே உலரவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். அதனால் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பொருளை நீரில் கலந்து 17 ஆண்டுகள் கப்பலின்மேல் தெளித்தார்கள். மரத்துக்குள் நீர் இருந்த இடத்தில் அது போய் அமர்ந்தது.

ஆனால் 2000-ஆம் ஆண்டு, மழை மிகுந்த கோடைக்குப் பின், மரத்தின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் படிவுகள் தோன்றின. துறைமுக நீரிலிருந்து மரம் உறிஞ்சிய கந்தகம் அமிலமாக மாறிக்கொண்டிருந்தது. கூடத்தின் ஈரப்பதத்தை இத்தனை கவனமாகக் கட்டுப்படுத்துவதும், கப்பலின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றியதும் இதன் விளைவுகளே. கப்பல் தன் எடையாலேயே மெல்லத் தொய்ந்துவருவதால் அதற்குப் புதிய தாங்கு சட்டம் அமைக்கும் பணியும் 2024-இல் தொடங்கியிருக்கிறது. நீங்கள் போகும் நாளில் அடிப்பகுதி வேலைத்தளமாக இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். வாய்ப்புக் கிடைத்தால் நின்று பாருங்கள்.

11. வெளியே வந்தபின்

வாசலைத் தாண்டி நீரோரமாகச் சற்றுத் தள்ளிப் போய்க் கட்டடத்தைத் திரும்பிப் பாருங்கள். கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்கள், வாசாவின் பாய்மரங்கள் அன்று எவ்வளவு உயரம் இருந்தனவோ அந்த உயரத்தைக் காட்டுகின்றன. உள்ளே நின்றபோது பாய்மரங்களின் கீழ்ப்பகுதியை மட்டுமே பார்த்திருப்பீர்கள்.

நடக்கத் தெம்பு இருந்தால், தீவின் தெற்கே கால் மணி நேரம் நடந்து, சிறு பாலத்தைக் கடந்து பெக்ஹோல்மென் என்ற குட்டித் தீவுக்குப் போய்விடுங்கள். தூக்கியெடுத்த கப்பலை 1961-இல் கொண்டுவந்து சேர்த்த உலர்துறை, அதாவது நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலை நிறுத்திவைக்கும் துறை, அங்கேதான் இருக்கிறது. அதன் கரையில் நின்று நகரத்தின் பக்கம் பார்த்தால், வாசா புறப்பட்ட வழியும் மூழ்கிய இடமும் ஒரே பார்வையில் அடங்கும். மூழ்கிய இடம் கரைக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. ஸ்லுசெனுக்குத் திரும்பும் படகு, பாலத்தைத் தாண்டி வந்ததும் கேளிக்கைப் பூங்காவின் பக்கத்துத் துறையிலிருந்து கிளம்புகிறது. இடப்பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.